வேர்க்கிற கால் ஒன்று வேண்டும்

மே 4, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: “ஆன்ட்டி, உங்கள் மகனின் கால் நாறுகிறது. அந்தக் காலை எனக்கு ஒரு மாதம் தர முடியுமா?”

சொன்னது: “காபிக்குச் சீனி போதுமா?”

பெண் பார்க்க வந்திருந்தார்கள். அழைத்து வந்தது ஜாஸ்பர் மாமா. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. பாளையங்கோட்டையில் பாதிக் கல்யாணங்களுக்கு இவர்தான் பொறுப்பு. மாப்பிள்ளை பெயர் எஸ்றா. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, கூடவே அவருடைய அம்மா பிரேமலதா ஆன்ட்டி. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாளில் மனிதர் கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ், முழுக்கைச் சட்டையோடு வந்து வாசலில் ஷூவைக் கழற்றினார். முன்னறையில் பேச்சு நின்றது. அப்பா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அது நிலைமையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

எஸ்றா இரண்டு பாதங்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மறைத்துக்கொண்டார். பழகிய செய்கை. பாவமாக இருந்தது என்று எழுதலாம். பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கல்யாணம் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். காரணம் கால் அல்ல. இப்போது வேண்டாம், அவ்வளவுதான்.

மே 5, திங்கள்

ஏன் சந்தோஷம் என்று எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே புரியாமல் போகும்.

மேலப்பாளையத்தில் பீர் மைதீன் அண்ணாச்சியின் பட்டறையில் பள்ளிக்கூட ஷூ செய்கிறோம். நான் வடிவமைப்பாளர். அதாவது, போன வருடம் ஷூ வாரில் உள்ள பக்கிளின் மூலையைக் கொஞ்சம் வட்டமாக்கினேன். பள்ளிகளுக்கு அளவெடுக்கப் போகும்போதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் விரலிடுக்கு ஊறி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கிறேன். அதன் பிறகு பக்கிள் வரையக் கை வரவில்லை. வேறொன்று வரைந்தேன். குதிகாலுக்கு அடியில் உள்ளீடற்ற ரப்பர். மிதிக்கும்போது விரல்பக்கத்துச் சூடான காற்று வெளியே போகும். காலைத் தூக்கும்போது கணுக்காலுக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். நடந்தால் ஷூ மூச்சு விடும்.

அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படத்துல எல்லா ஷூவும் காத்தோட்டமாத்தான் இருக்கும் பிள்ள. நல்லா வேர்க்கிற காலு ஒண்ணு ஒரு மாசம் வெயில்ல நடக்கட்டும். பொறவு நானே மோந்து பாக்கேன். நாறலன்னா அடுத்த வருசச் சரக்கு பூரா இதுதான். நாறிச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுறணும், என்ன?”

பட்டறையில் வேர்க்கிற கால் கிடையாது. எல்லோரும் ரப்பர் செருப்பு. அப்பாவும் அப்படியே. இந்த ஊரே காலைத் திறந்துபோட்டு நடக்கிறது. மூடி வைத்திருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போலீஸும் மருந்துப் பிரதிநிதிகளும்தான். பிள்ளைகளுக்கு லீவு. போலீஸிடம் போய்க் காலைக் கேட்க முடியாது.

மதியம் ஜாஸ்பர் மாமாவுக்குப் போன் செய்தேன். ஒத்திகை பார்த்திருந்தேன்: முதலில் கல்யாணம் வேண்டாம் என்பது, பிறகு, ஆனாலும் ஓர் உதவி என்பது. பதற்றத்தில் எனக்கு எது முக்கியமோ அது முந்திக்கொண்டது.

“மாமா, அவங்க கால் அளவு வேணும்.”

மறுமுனையில் மாமா நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம். பிறகு, “ஸ்தோத்திரம்!” வைத்துவிட்டார்.

மே 6, செவ்வாய்

நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் பெண் வீட்டார் எடுப்பது. பெண் வீட்டிலிருந்து கால் அளவு கேட்டாகிவிட்டது என்றால் சம்மதம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? சித்தி மகள் கல்யாணத்துக்கு அளவு கேட்கப் போனதே நான்தான். ஒரே ஒரு காலை நினைத்துக்கொண்டிருந்ததில் மற்றதெல்லாம் மறந்திருக்கிறது.

அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, எங்கிட்டகூடச் சொல்லாம அளவு கேட்டியாமே! இவ வாயத் தொறக்க மாட்டான்னு நான் அழுதுக்கிட்டுக் கெடக்கேன்.”

சாயந்திரம் பிரேமலதா ஆன்ட்டி நேரிலேயே வந்துவிட்டார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மகனை நிறுத்தி இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்திருந்தார்கள். “இடது காலு லேசாப் பெருசும்மா. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். ஒண்ணும் மறைக்கக் கூடாதுல்லா?”

சொல்லியிருக்க வேண்டும். தாளை விரித்தேன். அகலமான முன்பாதம், நெருக்கமான விரல்கள். காற்றே புகாத கால். இதைவிடக் கடினமான கால் எனக்குக் கிடைக்காது. “ரொம்ப நன்றி ஆன்ட்டி” என்றேன்.

மே 7

சொல்லவில்லை. நாளைக்கு.

மே 9

கால் அச்சு தயார். தோல் வெட்டியாயிற்று. சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

ஷூவைக் கொடுத்தேன். அம்மாவே எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்தாள்; இரண்டு வாரம் முன்னால் என்றால் காவலுக்கு அப்பாவையும் அனுப்பியிருப்பாள். எஸ்றா ஷூவைக் கையில் வாங்கித் துளைகளைப் பார்த்தார். குதிகாலை அமுக்கினார். அது பெருமூச்சு விட்டது.

“கல்யாண ஷூவை இப்பவே போட்டுத் தேய்க்கணுமா?”

“பழகணும்ல. தினம் போடுங்க. எப்படி இருக்குன்னு தினம் எழுதி அனுப்புங்க. ஒரு மாசம்.”

“ஒரு மாசம்” என்று திருப்பிச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன்.

மே 20

முதல் ரிப்போர்ட்: “கல்லிடைக்குறிச்சி, மத்தியானம். கால் இருக்கான்னு குனிஞ்சு பார்த்தேன். இருக்கு.”

இதையே நான் மூன்று முறை படித்தேன். பிறகு கேட்டேன்: “விரலிடுக்கு?”

“காய்ஞ்சிருக்கு.”

மே 22

“முக்கூடல். டாக்டர் வாசல்ல ஷூவைக் கழட்டினேன். பெஞ்சுல இருந்தவங்க யாரும் எந்திரிச்சுப் போகல. ஒரு பாட்டி மட்டும் போனாங்க. அவங்க டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.”

தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். “யார்ட்ட இருந்து?” என்றாள் அம்மா. “கால்ட்ட இருந்து” என்று சொல்ல முடியுமா? “எஸ்றா” என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மே 25, ஞாயிறு

விபரீதம். ஷூ விசிலடிக்கிறது.

ரிப்போர்ட்டை அப்படியே எழுதுகிறேன்: “இன்னைக்குக் கோயில் ஆராதனையில நான் காணிக்கைப் பையைப் பெஞ்சு பெஞ்சாக் கொண்டு போகணும். சபை ஐயர் கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொன்னார். ரொம்ப அமைதி. முதல் அடி வச்சேன். கீச். நின்னுட்டேன். நின்னா சத்தம் இல்ல, ஆனா காணிக்கை வராது. நடந்தேன். கீச், கீச். சின்னப் பிள்ளைங்க எல்லாம் பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு கோழிக்குஞ்சைத் தேடுதுக. ஐயர் ஜெபத்தைச் சுருக்கிட்டார். கால் குளிர்ச்சியா இருந்துச்சு.”

துளை குறுகலாக இருக்கிறது, வேறொன்றுமில்லை. பெரிதாக்கி, சாய்வாக வெட்ட வேண்டும்.

மே 29, வியாழன்

எஸ்றா ஷூவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பெரிதாக்கிக் கொடுத்தேன். எங்கள் மேசைகளுக்கு நடுவே நடந்து காட்டினார். சத்தமில்லை. தையல் மிஷினில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு பிள்ள? மாப்பிள்ளையா?”

“இல்ல அண்ணாச்சி, கால்” என்றேன்.

வாயில் அதுதான் வந்தது! அண்ணாச்சி, “ஓ, அந்தக் காலா!” என்று எழுந்து வந்து கை கொடுத்தார். எஸ்றாவும் கை கொடுத்தார். அவருக்குக் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை. என்னைப் பார்த்தார். குனிந்து லேஸை இறுக்கிக் கட்டினார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், நாளைக்கு ரிப்போர்ட் வராது.

மே 30

வந்தது. “அம்பாசமுத்திரம். கீச் இல்லை. இன்னைக்கு ஒரு டாக்டர் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டார். கால் நல்லா இருக்கு.”

அப்பாடா. “குதிகால் உரசுதா?” என்று கேட்டேன்.

ஜூன் 5

எஸ்றா இரவல் கொடுத்த ஒரு பயணப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாகக் கிண்டல் எழுதியிருக்கிறார். ஒன்றுக்குப் பதில் எழுதினேன். அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் கூடுகிறார்கள். கோயிலில் என்றைக்கு ஓலை கூறுவது என்று முடிவு செய்ய. மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் பெயர் வாசித்துவிட்டால் பிறகு இது விளையாட்டில்லை. இப்போது மட்டும் விளையாட்டா? சொன்னால் ஷூ போய்விடும். மாதம் முடியாமல் அண்ணாச்சி மோந்துகூடப் பார்க்க மாட்டார். சொல்லாவிட்டால் – சே. எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஜாஸ்பர் மாமா கேக்கை வெட்டக் கத்தியைத் தூக்கிய நேரம். “நான் அளவு கேட்டது கல்யாணத்துக்கு இல்ல. ஷூவைச் சோதிச்சுப் பாக்கதுக்கு. முதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்” என்றேன். ஒரே மூச்சில்.

மாமா கத்தியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். “எதைச் சோதிக்க?” என்றார்கள் பிரேமலதா ஆன்ட்டி.

“அவங்க காலு வேர்க்கும்னு–” என்று தொடங்கினேன்.

“எங்க பிள்ள காலு நாறுதுன்னு சொல்லுதா! நடு வீட்டுல வச்சுச் சொல்லுதா!” அம்மாவைப் பார்த்து, “பியூலா டீச்சர், இதுக்கா என்னைப் படம் வரைஞ்சு கொண்டாரச் சொன்னீங்க? முட்டி தேய மண்டி போட்டு வரைஞ்சேனே!”

அம்மா அழுதாள். அப்பா எழுந்து மின்விசிறியைக் கூட்டப் போய், ஏற்கெனவே அது முழுவேகத்தில் இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தார்.

வாசலில் எஸ்றா ஷூவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏலே, அதக் கழட்டி எறில! இவங்க ஷூ நமக்கு எதுக்கு?”

“இன்னும் பத்து நாள் இருக்கு மம்மி.”

“என்ன பத்து நாளு?”

“மாசம் முடிய.”

“அப்ப ஒனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். மேலப்பாளையத்துல, கால்னு சொன்னாங்க.”

“தெரிஞ்சுமால போட்டுக்கிட்டு அலைஞ்ச?”

“நல்லா இருந்துச்சு மம்மி” என்றார் எஸ்றா. லேஸை முடிச்சுப் போட்டார். இரண்டாவது காலுக்கும் போட்டார். அவசரமே இல்லை.

கேக்கை யாரும் தொடவில்லை.

ஜூன் 9

“வள்ளியூர். திடீர் மழை. தேங்கின தண்ணியில நடந்தேன். உள்ளே வரல.”

என்ன பதில் எழுதுவது? மன்னிப்பு என்று தொடங்கி நாலு விதமாக எழுதினேன். கடைசியில் அனுப்பியது: “சாக்ஸ் நுனி ஈரமா?”

ஜூன் 13

அம்மா என்னோடு பேசுகிறாள், சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

ஜூன் 18, புதன்

மாதம் முடிந்தது. எஸ்றா ஷூவை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ரப்பர் செருப்பில் வந்திருந்தார். அந்தப் பாதங்களை வெளிச்சத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

பட்டறை முழுக்க மிஷினை நிறுத்தியது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், ஏதோ மூக்குக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இருப்பதுபோல. வலது ஷூவைத் தூக்கி மூக்கில் வைத்தார். இழுத்தார். கண்ணை மூடினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இடது ஷூ. மறுபடி வலது.

“ரோசாப்பூ இல்ல” என்றார். “ஆனா மனுசன் இருந்துட்டுப் போன வாசம்தான். நாத்தம் இல்ல.” எஸ்றாவிடம், “தம்பி, ஒங்க சாக்ஸ மாத்தி மாத்தித்தான போட்டீரு?”

“தெனம் ஒண்ணு அண்ணாச்சி.”

“அப்ப அடிப்போம் பிள்ள. அடுத்த வருசச் சரக்கு பூரா.”

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. வாசல்வரை எஸ்றாவோடு போனேன். இந்த ஒரு மாதத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று, கேட்டுவிட்டேன்.

“ஜாஸ்பர் மாமாவை உங்க வீட்டுக்கு மறுபடி அனுப்பினா தப்பா?”

“எதுக்கு? அடுத்த மாடலுக்கா?”

“இல்ல.”

சிரித்தார். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். “ஒரு மாசம் தெனம் விசாரிச்சீங்க. விரலிடுக்கு, குதிகால், சாக்ஸ். ஒரு நாளாவது நான் எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. 

“ஷூ நல்லா வரும்” என்றார். “பைய நடந்து பழகச் சொல்லுங்க பிள்ளைங்கள.” போய்விட்டார்.

ஜூன் 19

எல்லாக் குறுஞ்செய்திகளையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு முறைகூட இல்லை. டாக்டர் திட்டிய அன்றும் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

முதல் லாரி இன்று வள்ளியூருக்குக் கிளம்பியது. உள்ளே எல்லாம் புது ஷூ. அண்ணாச்சி எல்லோருக்கும் மஸ்கோத் அல்வா கொடுத்தார்.

எஸ்றாவுக்கு இன்று கல்யாணம். டோனாவூர்ப் பெண், டீச்சர். எங்களை அழைக்கவில்லை, ஜாஸ்பர் மாமா மட்டும் போய்விட்டுச் சாயந்திரம் இங்கே வந்தார்.

“அவர் எப்படி இருக்கார் மாமா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கான்” என்றார். “பொண்ணு வீட்டுல எடுத்த கோட்டு தோள்ல கொஞ்சம் லூசு.”