காஜி முன்கூட்டியே செய்த ஒளு

அன்பு உம்மாவுக்கு ஸலாம். முழங்கால் வலி தேவலையா? பக்தாதில் நான் நலம்.

இன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் சூரிய கிரகணம் என்று கணித்துச் சொல்லியிருந்தேன். "அல்லாவுக்கே நேரம் குறிக்கிறியா?" என்று காஜி ஹம்தூன் சந்தையில் வைத்து என்னைக் கிழித்தார்.

சொன்ன நேரத்தில் இருட்டியது உம்மா! கிரகணத் தொழுகைக்காக, கைகால் கழுவி ஒளு செய்ய ஊரே தொட்டியில் முண்டியடித்தது. கணித்த நானும் அங்கேதான். காஜி மட்டும் முன்பே ஒளு செய்து, தொழவைக்கத் தயாராக நின்றிருந்தார்!

நான் சிரித்துவிட்டேன்.

"என்னடா சிரிப்பு? அல்லா போட்ட கணக்கை நீ வாசிச்சே, அவ்வளவுதான். சீக்கிரம் வா, முன்வரிசைல இடம் வெச்சிருக்கேன்."

உலர்ந்த பாதாமிப் பழம் கொஞ்சம் அனுப்புங்கள். இங்குள்ளதில் நம் வீட்டு ருசியில்லை. இக்கடிதத்தைக் கொண்டுவரும் வணிகக் கூட்டம் கிளம்புகிறது. தொழுகை முடிந்ததும் எல்லோரும் இதைச் சொல்ல வீட்டுக்கு ஓடினார்கள். நான் காகிதத்தைத் தேடி ஓடினேன்.

உங்கள் ஸஹ்ல்