என் மானுடவாதமும் அக்காவும்

மார்ச் 4

வாசகர் வட்டத்தில் இந்த முறை என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘மானுடவாதம்: பொருளும் வரலாறும்’ என்று மாதக் கடைசியில் நான் பேச வேண்டும். வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. மருந்துக்கடையில் நாள் முழுக்க “சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு” என்றே பேசிக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன வேண்டும்?

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். “கடவுள் இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு கூட்டமா? அதைத்தான் நீ தினமும் இலவசமா சொல்றியே, வக்கீலு” என்றாள். சின்ன வயதிலிருந்தே நான் அவளுக்கு வக்கீல்தான். பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டால், மாடி ஏறி வந்தாளாம். அவள் வீட்டில் மாடியே கிடையாது.

மார்ச் 6

பேச்சுக்குக் குறிப்பு: மானுடவாதம் என்றாலே கடவுள் மறுப்பு என்று நினைக்கிறார்கள். எடுத்த எடுப்பில் அதைச் சரிசெய்ய வேண்டும். இந்தப் பெயரை முதலில் வாங்கியவர்கள் வாத்தியார்கள். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலிய நகரங்களில் மொழி, பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறம் இவற்றைச் சொல்லிக்கொடுத்தவர்களை அப்படி அழைத்தார்கள். பழைய ரோமானிய, கிரேக்க ஏடுகளைத் தேடிப் பிடித்துத் தூசி தட்டிப் படித்தார்கள். மனிதன் படித்து, யோசித்து, தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ள முடியும் என்று நம்பினார்கள். அதில் பெரும்பாலோர் நல்ல பக்தர்கள்!

ஒருவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பேரரசர் திருச்சபைக்கு நாட்டையே எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. அதிலுள்ள சொற்கள் அந்தப் பேரரசர் காலத்தவையே இல்லை, ஆவணம் போலி என்று அவர் காட்டிவிட்டார். பிறகு அதே திருச்சபையின் தலைவரிடமே வேலைக்கும் போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னால் அக்கா சிரிப்பாள்.

மார்ச் 9

அக்கா மருத்துவமனையில். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். கடையை அப்படியே பூட்டிவிட்டு ஓடினேன். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். இதய வால்வு சுருங்கிவிட்டதாம். எத்தனை மாதமாக மறைத்தாளோ.

வார்டு நர்ஸ் வந்து, அக்காவால் பேச முடியாததால் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, வழிபாட்டுக்கு யாரையாவது வரச்சொல்ல வேண்டுமா. மடமடவென்று பதில் சொன்னேன். கடை அனுபவம் கைகொடுத்தது.

மார்ச் 11

ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் சிறுநீரகமும் பலவீனமாக இருப்பதால் ஆபத்து அதிகம். அக்கா, “யோசிச்சு சொல்றேன்” என்றாள்.

வராந்தாவில் மருத்துவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மருந்து தெரிஞ்சவங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.” சொன்னேன். சாயங்காலம் வரை சொன்னேன். எத்தனை சதவீதம், என்ன புது முறை, எல்லாம். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

இன்று கேட்டுவிட்டாள். “எங்க பிரார்த்தனை மன்றத்துல இருந்து யாருமே வரலையேடி. எதிர் கட்டில்காரம்மாவுக்குத் தினமும் யாராவது வர்றாங்க. நான் படுத்ததும் மறந்துட்டாங்க போல.”

அப்போதுதான் உறைத்தது. நர்ஸ் கேட்டபோது “அதெல்லாம் வேண்டாம்” என்று சொன்னது நான். வேண்டுமென்றே செய்யவில்லை. என்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வேனோ அதையே சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னேன். வேறு வழியில்லை.

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “நின்னது என் மூச்சுதானே? என் வாயையும் சேர்த்தா நீ எடுத்துக்கிட்ட?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையையே நடத்தியவள் அவள். அத்தனை பிள்ளைகளுக்கும் யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுப் போட்டவள். மனிதருக்கு யோசிக்கும் திறன் உண்டு, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு — இதுதான் சாரம் என்று பேச்சுக்கு எழுதி வைத்திருக்கிறேன். எந்த மனிதருக்கு? எனக்கு மட்டுமா?

மார்ச் 13

மன்றத்துக்கு நானே தகவல் சொன்னேன். மன்றத்துச் சகோதரி ஒருத்தி வந்தாள். சின்னப் பெண், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாம். சீருடையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளை லிஃப்ட் பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன்.

“ஆபரேஷன் பண்ணிக்கணும்னு கடவுள் சொல்றார்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்பா.”

விழித்தாள். “அவர் எங்கிட்ட அப்படி எதுவும் சொல்லலையே மேடம்.”

“சொன்னதா வச்சுக்கோங்களேன்.”

“ஐயோ, அப்படியெல்லாம் வச்சுக்க முடியாது மேடம்.” முகம் சிவந்துவிட்டது. “நான் பக்கத்துல உட்கார்ந்து பிரார்த்தனை பண்றேன். என்ன பண்ணணும்னு அவங்கதானே சொல்லணும்?” என்று, எங்கே நான் கையைப் பிடித்து இழுத்துவிடுவேனோ என்பது போல உள்ளே ஓடிவிட்டாள்.

கடவுள் இல்லை என்கிற நான் கடவுள் பெயரில் போலி உத்தரவு தயாரிக்கப் பார்த்தேன். நம்புகிறவள் மாட்டேன் என்றுவிட்டாள். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் — உண்மையைச் சொன்னால் — அவள் ஒத்துக்கொண்டிருக்கலாமே என்றுதான் இன்னும் தோணுது. அக்கா சாகக் கூடாது. அவ்வளவுதான். இதுல தத்துவம் என்ன வேண்டிக்கிடக்கு?

மார்ச் 14

கடை திறந்தேன். ஒருவருக்கு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டு, கொடுப்பதற்குள் சுதாரித்துக்கொண்டேன். மதியமே பூட்டிவிட்டேன்.

மார்ச் 16

அக்கா மருத்துவரைத் தானே கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். நான் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. சந்தையில் காய்கறிக்காரரைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“என் வயசு, என் கிட்னி. என்னை மாதிரி இருக்கிறவங்க ஆபரேஷன் முடிஞ்சு நடந்து வீட்டுக்குப் போறாங்களா? மழுப்பாம சொல்லுங்க.”

மருத்துவர் மழுப்பவில்லை. “பாதிப் பேர் போறாங்கம்மா. மீதிப் பேர் ரொம்ப கஷ்டப்படுவாங்க. சில பேர் ஐசியூவை விட்டு வர்றதே இல்ல.”

“பண்ணிக்கலைன்னா?”

“மாத்திரையில ஒரு வருஷம் ஓட்டலாம். கூடக் குறைய இருக்கலாம்.”

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “இப்ப நீ சொல்லு, வக்கீலு.”

நெஞ்சு நிறைய வாதம் இருந்தது. வாயில் வந்தது வேறு. “பயமா இருக்குக்கா. நீ போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு, வார்டு முழுக்கப் பார்க்க அழுதேன்.

என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கக் கூடாதா? இத்தனை நாளா பர்சென்ட் சொல்லிட்டு இருந்தியே.” என் விரல்களை நீவிவிட்டபடி, “வேண்டாம்டி. குழாய் சொருகிக்கிட்டு, யாரு என்னன்னு தெரியாம கிடந்து போறது எனக்கு வேண்டாம். இருக்கிற வரைக்கும் நானா இருந்துட்டுப் போறேன்.”

“பிரார்த்தனையில பதில் வந்துச்சா?” கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

“பதில் எல்லாம் வரலை. டாக்டரைக் கேட்கிற தைரியம் வந்துச்சு.”

மறுத்துப் பேச வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். சரியான முடிவா? எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் ஆபரேஷன்தான் செய்துகொள்வேன். ஆனால் இது நான் இல்லை.

மார்ச் 19

என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். வரலாமா என்று அவளிடம் கேட்டுத்தான். ஜன்னல் பக்கக் கட்டில் அவளுக்கு.

மார்ச் 28

பேசிவிட்டு வந்தேன். நினைத்ததில் பாதிதான் பேசினேன். ‘வாதம்’ என்று அது ஒரு பெயராக ஆனதே இருநூறு வருடங்களுக்கு முன்னால், ஜெர்மனியில் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய சண்டையில்தான் என்றேன். கடவுள் இல்லாமலும் அறம் உண்டு என்றவர்கள் போன நூற்றாண்டில் அதைத் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டார்கள், நானும் அந்தக் கூட்டம்தான் என்றேன்.

பின்வரிசைக்காரர் ஒருவர், “அப்ப ஒரே வரியில அதுக்கு என்னங்க அர்த்தம்?” என்றார். எதிரில் இருப்பவரும் யோசிக்கிறவர்தான் என்று நம்பி அவரைக் கேட்பது என்றேன். எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை. கைதட்டல் சுமார்தான்.

ஏப்ரல் 7

கால் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் நின்று நின்றுதான் வருகிறாள். மாத்திரையை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கடைப் பெண் வருகிறாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் வரை நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அந்தப் பெண் இன்னும் என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறாள்.

அக்காவுக்கு இருக்கிற காலத்தில் இன்றைக்கு ஒரு நாள் போய்விட்டது. காலையில், என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டேன். வீட்டு ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைக்க வேண்டும் என்றாள். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் துவைக்கிற லட்சணத்தை மதியம் வரை திட்டித் தீர்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. போதாது, இன்னொரு தடவை துவை என்றாள். துவைத்தேன்.