மலைச்சி நின்ற பாத்தி

களைக்கொல்லி வாடை உனக்கும் எனக்கும் புதிதில்லை. குறுவை சமயத்தில் பஸ் ஜன்னலைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அதுதான். ஆனால் அன்று அது உன் படத்துக்குப் போட்டிருந்த மல்லிகை மாலையை மீறிக்கொண்டு வந்தது. நம் கல்லூரியில் உனக்குப் படத்திறப்பு. நீ வேலை பார்த்த தாவரவியல் துறைக்குப் பின்னால், கிணற்றடியில், சாமியானா போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் உன் பாத்தியைத் தேடினேன். அது இருந்த இடத்தில் மேடை இருந்தது. மேடையைச் சுற்றி மண்ணைக் கொத்திச் சமன் செய்து, மிச்சமிருந்த வேருக்கு மருந்தும் அடித்திருந்தார்கள்.

இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். ஹாஸ்டல் நாளிலிருந்து நான் கத்துவதை எல்லாம் கேட்டுக்கொண்டவள் நீ ஒருத்திதானே.

அந்தச் செடியை நீ எனக்குக் காட்டிய நாளிலும் நான் திட்டிக்கொண்டுதான் வந்தேன். நோன்பு மாதத்திலா என்னைக் கொல்லிமலைக்கு இழுத்துக்கொண்டு வருவாய்? நீயும் அன்று பொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உனக்கு என்ன வந்தது, குடித்துத் தொலை என்றேன். ஒருத்தி காய்ந்துகொண்டு வரும்போது பக்கத்தில் நின்று குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். காடு முடிந்து தோட்டங்கள் தொடங்கும் சரிவில், நிழலில், இடுப்பு உயரத்துக்கு நின்றது அது. ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கொத்து. சூரியகாந்திக் குடும்பம் என்றாய். அந்தப் பெரிய மஞ்சள் பூவுக்கும் இதற்கும் என்ன சொந்தம் என்று கேட்டேன். ஒரு பூ மாதிரி தெரிவதைப் பிய்த்து, உள்ளே இருப்பது ஒரு பூ இல்லை, ஒரு கூட்டம் என்று உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினாய். மலைக்காரர்கள் இதற்கு என்ன பேர் சொல்கிறார்கள் என்று நீ பலரிடம் கேட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் நீயே மலைச்சி என்று வைத்தாய்.

அடுத்த தடவை நீ போனபோது அந்தச் சரிவில் யாரோ விடுதி கட்ட மண்ணை வழித்துவிட்டிருந்தார்கள். ஓரத்தில் தப்பிய நாலைந்து கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். தஞ்சாவூர் வெயிலில் இதெல்லாம் பிழைக்குமா என்று நான் உட்படச் சிரிக்காதவர்கள் இல்லை. கிணற்றடி வாகை மரத்து நிழலில் பாத்தி கட்டி, பச்சை வலை போட்டு, கோடையில் சாக்கை நனைத்து நனைத்து விரித்தாய். மூன்று வருஷம் இலை மட்டும் விட்டது. நாலாம் வருஷம், நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது, மொட்டு வைத்தது.

திருத்துறைப்பூண்டி பக்கம் உன் அம்மா களையெடுத்துப் படிக்க வைத்த பெண் நீ. ஒரு போர்டாவது எழுதி வை, யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்று நான் எத்தனை முறை சொன்னேன்! நீ சிரித்தாய். "நம்ம ஊர்ல நெல்லத் தவிர எல்லாத்துக்கும் ஒரே பேருதான்டி. போர்டு வச்சா மட்டும் படிக்கவா போறாங்க?" எனக்கு உன் மேலும் கோபம்தான், தெரிந்துகொள். அந்தச் சிரிப்பின் மேல்தான் முதல் கோபம்.

கடைசியாக நீ தெளிவாகப் பேசியது இந்தச் செடியைப் பற்றித்தான். "தையில விதை முத்தி பஞ்சு மாதிரி வெடிக்கும். அள்ளிட்டுப் போயி மலை மேல விட்டுட்டு வந்துரு. இங்க வச்சிருக்காத. இது அங்கதான் இருக்கணும்." சரி என்றேன். புரட்டாசியில் நீ போனாய். அதற்குப் பின்னால் தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மார்கழிப் பனியில் காய்கள் பச்சையாகத் திரண்டு நின்றன. இன்னும் கொஞ்ச நாள்தான்.

அந்த நேரம் பார்த்து என் தங்கை மகள் நிக்காஹ். கூத்தாநல்லூருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது உன் படத்திறப்பு. மேடம் நின்று நின்று பார்த்த இடமாயிற்றே, விழாவை அங்கேயே வைத்தால்தான் அவர் ஆத்மா சாந்தியடையும் என்று கல்லூரி முதல்வர் சொன்னாராம். மேடம் நின்று எதைப் பார்த்தார் என்று ஒருவராவது யோசித்தார்களா?

படத்தையும் விடவில்லை. கொல்லிமலையில் நான் எடுத்துக் கொடுத்த போட்டோவில் நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெல்லாம் மண்ணோடு, பூத்த செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய். ஸ்டுடியோக்காரர் செடியை எல்லாம் அழித்து நீல வானம் போட்டு, நூல் புடவையைப் பட்டாக்கியிருந்தார். திரை விலகியதும், மேடம் எவ்வளவு லட்சணமா இருக்காங்க என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

நினைவுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்ததைப் பிரிக்கவே இல்லை. "அவ விட்டுட்டுப் போனது ஒரே ஒரு பாத்தி. அதையும் மருந்தடிச்சுக் கொன்னுட்டு, அது மேலயே நின்னு அவளப் புகழுறீங்க" என்றேன். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. முதல்வர் மெதுவாக மைக்கை வாங்கி, மேடம் துக்கத்தில் இருக்கிறார், நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. நான் துக்கத்தில் இல்லை. துக்கம் மூன்று மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது.

பொங்கல் கழிந்ததும் அங்கே உன் பேரில் பூங்கா என்று பலகை வைத்து, குரோட்டன்ஸ் நட்டார்கள். போன வாரம் காலையில் போய் அத்தனையையும் வேரோடு பிடுங்கி வைக்கோல் போர் மாதிரி குவித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.

இப்போது அந்த வெற்று மண்ணுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். முற்றாத விதையிலிருந்து எதுவும் முளைக்காது என்று எனக்குத் தெரியும். மலைக்கு எடுத்துப்போக என்னிடம் ஒன்றும் இல்லை. நேற்று முதல்வர் வந்து நின்று பார்த்தார். வெறும் தரைக்கு எதற்கு மேடம் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்.

"இதக் கேக்குறீங்களே சார், இங்கேருந்து எதப் பிடுங்குனீங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் ஈர மண்ணை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அப்போதும் அந்தச் செடியின் பேர் என்ன என்று கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் ஊற்றுவதாக இருக்கிறேன்.