சேல நனையாம ஒரு சுத்து

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் பக்கத்து வீட்டு யோகலட்சுமியோட கோமதியம்மன் கோயிலுக்குப் போனேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நூத்தியெட்டு சுத்து நேந்திருக்கேன்லா, இப்பமே காலைப் பழக்குவோம்னு பிரகாரத்தச் சுத்துனோம். மூணாவது சுத்துல அவ கால்வலின்னு வழக்கம்போல உக்காந்துட்டா. "நீங்க போங்க மதினி, ஒங்களுக்கு இரும்புக் காலு"ங்கா. கொஞ்சந்தூரம் போயிருப்பேன், ஒரு தும்மல். அவ்வளவுதான். பாவாட நனைஞ்சு போச்சு.

கோயிலுக்குள்ள. அம்பாள் எல்லையில.

உள்ள போய்க் கும்பிடாமத் திரும்பிட்டேன். யோகலட்சுமி கேட்டதுக்கு, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்னு பொய் வேற. போன கார்த்திகையில இருந்தே இருக்கு இது. தும்முனா, இருமுனா, சத்தமாச் சிரிச்சா. ஊர்க்கதையெல்லாம் எழுதுத இந்த நோட்டுல இத இன்னைக்குத்தான் எழுதுதேன்.

ஜூன் 13, வெள்ளி

மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கல, காப்பியும் குடிக்கல. கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், சேல நனையல. இதான் வழி. தாயே கோமதி, நீதான் புத்தி குடுத்த.

ஜூன் 24, செவ்வாய்

துணி காயப்போடைல கண்ணு இருட்டிக்கிட்டு வந்து விழுந்துட்டேன். வேல்விழி, என் மருமவ, எந் தம்பி மவதான், "அத்த, அத்த"ன்னு தெருவையே கூட்டிட்டா. எம் மவன் மாரிராஜ் தறி செட்டுல இருந்து ஓடிவந்து, என்னய வண்டியில வச்சு டாக்டர்ட்ட கொண்டுபோனான்.

அங்கன கதவச் சாத்துதது கெடையாது. அடுத்த டோக்கன் ஆளு வாசல்ல நிக்கான். எம் மவன் எந் தோள்ல கைய வச்சிட்டு நிக்கான். டாக்டர் சின்னப் பையன், நல்ல மனுசந்தான். ஆனா கம்ப்யூட்டரப் பாத்துட்டே கேக்காரு.

"தண்ணி நல்லாக் குடிக்கியளாம்மா?"

"செம்பு செம்பாக் குடிப்பேன் டாக்டர்."

"யூரின்ல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

நான் தலைய ஆட்டுததுக்கு முன்னாலயே அவரு தட்டி முடிச்சிட்டாரு. மத்ததெல்லாஞ் சொன்னேன். கால் ஆணி, கனவுல பாம்பு வந்தது, வேல்விழி சாம்பாருக்கு உப்பு கூடப் போடுதது. "ஒங்களுக்கு வாயில ஒரு கொறையும் இல்லம்மா"ன்னு சிரிச்சாரு. காதுக்குள்ள கோளாறுன்னா இப்படித் தலசுத்துமாம். மாத்திர எழுதித் தந்தாரு.

ஏன் சொல்லல? அவரு கேட்டாரே. நேராவே கேட்டாரே.

ஜூலை 3, வியாழன்

மாத்திர போட்டும் தலசுத்து நிக்கல. நாக்கு மேல ஒட்டிக்கிடுது.

ஜூலை 11, வெள்ளி

ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. டாக்டருக்கு மொகம் மாறிட்டு. கிட்னி சரியா வேல செய்யலயாம், ரத்தத்துல உப்பு ஏறியிருக்காம். "நல்லாத் தண்ணி குடிச்சும் இப்படி இருக்குன்னா..."ன்னு பாதியில நிறுத்திட்டாரு. திருநெல்வேலியில பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு.

நல்லாத் தண்ணி குடிச்சும்! எம் பொய்ய நம்பியில்லா அந்த மனுசன் யோசிக்காரு.

வீட்டுக்கு வந்து மாரிராஜ் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுதான், "எம்மா, பயப்படாத. எனக்கு ரெண்டு கிட்னி இருக்குல்லா, ஒண்ணு ஒனக்கு." வெத்தலையக் கிள்ளிக் குடுக்குத மாதிரி சொல்லுதான். வேல்விழி கரண்டியோட அப்படியே நின்னுட்டா. அவளுக்கு ஆறாம் மாசம்.

எனக்கு அங்கன இருக்க முடியல. எந்திரிச்சுப் பின்னால போயி, பாவாட அலசுத வாளிப் பக்கத்துல உக்காந்துட்டேன். எம்புள்ள வயித்தக் கிழிக்க நிக்கான் — நான் என் சேலையக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்.

ஜூலை 12, சனி

என்னய நானே கேக்கேன்: ஏட்டி மாரித்தாயி, எதுக்குட்டி ஒனக்கு இந்த வாயி?

ஜூலை 14, திங்கள்

திருநெல்வேலிக்கு நாளைக்குப் போலாம்னு மாரிராஜ் காருக்குச் சொல்லியிருந்தான். அவன் செட்டுக்குப் போனதும் வேல்விழியக் கூட்டிக்கிட்டு நம்ம டாக்டர்ட்டயே போனேன். "கதவச் சாத்துங்க"ன்னேன். அவரு பயந்துட்டாரு.

சாத்துன பெறவும் கால் ஆணியப் பத்தி ஆரம்பிச்சிட்டேன்! வேல்விழி என் முழங்கையப் புடிச்சு "அத்த"ன்னா. ஒரே மூச்சுல கொட்டிட்டேன். சேல நனையுதது, அதுக்காவத் தண்ணி குடிக்காம இருந்தது, செம்பு செம்பான்னு சொன்னது பச்சப்பொய்ங்கது. மொகமெல்லாம் எரியுது. தரையவே பாத்துட்டு இருந்தேன்.

திட்டுவாருன்னு பாத்தேன். கம்ப்யூட்டர்ல இருந்து கைய எடுத்துட்டாரு. "மவனப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் கேட்டதுந் தப்புதாம்மா"ன்னாரு. காது மாத்திர வேண்டாமாம். தண்ணி குடிச்சிட்டுத் திரும்ப ரத்தம் பாக்கணும். அப்பவும் உப்பு எறங்கலன்னாத்தான் திருநெல்வேலி. மத்ததுக்கு ஒரு லேடி டாக்டர்ட்ட அனுப்புனாரு. அவங்க ஒரு பயிற்சி சொல்லித் தந்தாங்க. ஒண்ணுக்க அடக்குத மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி இறுக்கி விடணும்.

திரும்பி வரைல வேல்விழி சொல்லுதா, "நீங்க பாவாடையத் தனியா அலசுததப் பாத்திருக்கேன் அத்த. கேட்டா வருத்தப்படுவியளோன்னு இருந்துட்டேன். தண்ணிய நிறுத்துனது தெரியாது."

தெரிஞ்சுருக்கு. இவ்வளவு நாளும்.

ஜூலை 25, வெள்ளி

உப்பு எறங்கிட்டு. கிட்னிக்குக் கேடு ஒண்ணும் இல்லியாம், தண்ணியில்லாம வாடிக் கெடந்துருக்கு. வேல்விழி மாரிராஜ்ட்ட என்ன சொன்னாளோ, அவன் எம் மொகத்தப் பாக்காம ஒரு பெரிய தண்ணி பாட்டில வச்சிட்டுப் போறான். நானும் அவன் மொகத்தப் பாக்கல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளக்கழிச்சுத் தபசு. நூத்தியெட்டு முடியாது, பாதி தேறுனாப் பெருசு. அம்பாள் பொறுத்துக்கிடுவா.

இன்னைக்கும் பிரகாரத்தச் சுத்தப் போனோம், பையில தண்ணி பாட்டிலு, மாத்துப் பாவாட. மூணு சுத்துல யோகலட்சுமி கால்வலின்னு உக்காந்துட்டா. நானும் பக்கத்துல தூணுல சாஞ்சு, கண்ண மூடிப் பயிற்சியச் செஞ்சேன்.

"என்ன மதினி, ஒதடு அசையாத மந்திரம்? எனக்குஞ் சொல்லக் கூடாதா?"

இவட்ட சொன்னா ஊருக்கே தெரியும். என்னய மாதிரி வாயி. இருந்தாலும் அவ காதுல சொல்லிட்டேன், தும்மல்ல இருந்து எல்லாத்தையும்.

சிரிப்பான்னு நெனச்சேன். காலத் தேச்சுக்கிட்டு இருந்தவ கைய நிறுத்திட்டா.

"எவ்வளவு நேரம் மதினி இறுக்கணும்?"

சொல்லிக் குடுத்தேன். ரெண்டு பேருமா கண்ண மூடி உக்காந்திருந்தோம். பெறவு பாத்ரூமுக்குப் போயிட்டு வந்து அடுத்த சுத்து ஆரம்பிச்சோம். விறுவிறுன்னு எனக்கு முன்னால போறா அவ, கால்வலியக் காணோம்.