காற்றாலையடியில் காகச்சோறு

ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முருகன் துணையால் நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததோ?

உங்கள் பேத்தி சுபாங்கிக்குக் காற்றாலைகளில் பறவைகள் அடிபடாமல் காக்கிற வேலை. புரட்டாதிச் சனியன்று அவளோடு போன நான், காகத்துக்கு வைக்கிற விரதச் சோற்றை ஒரு காற்றாலைக்குக் கீழேயே வைத்துவிட்டேன். காகங்களோடு ஏரிப் பறவைகளும் திரண்டு வந்துவிட்டன.

"நான் கலைக்கிறன், நீங்கள் கூப்பிட்டு விருந்து வைக்கிறியளோ அம்மா?" என்று ஏசிக்கொண்டே சுபாங்கி, காற்றாலையை நிறுத்தச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். என் பிள்ளையின் ஒரு சொல்லுக்கு அந்தப் பெரிய இறக்கைகள் மெல்ல ஓய்ந்து நின்றன. ஒரு பறவைக்கும் காயமில்லை. சோற்றை நான் பொறுக்கி முடிக்கும்வரை சுற்ற விடவில்லை. வெட்கத்தைவிட எனக்குப் பெருமைதான்.

யாரும் இங்கே வந்தால் எள்ளுருண்டை கொடுத்துவிடுங்கோ. போனில் என்னை அடிக்கடி ஏசுங்கோ. சுபாங்கி ஏசினபோது உங்கள் குரல்தான் கேட்டது.

குக்கர் விசிலடிக்கிறது, நிறுத்துகிறேன்.

மகள்
தவமலர்