வாசலை மறித்து நின்ற அம்மா

2001 மே, வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் இன்று ஆரணி வந்து சேர்ந்தார். சாமிக்குக் கற்பூரம் ஏற்றியும் மனசு அடங்கவில்லை.

இலங்கையில் ரவூப் பாய் கடைக்குப் பட்டுப்புடவை கொண்டுபோனவர். போன இடத்தில் சிங்களவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம். பாயின் கடையைக் கொளுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு சிங்கள அம்மாதான் பாய் குடும்பத்தையும் இவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். கூட்டம் வந்ததும் வெளியே போய் வாசலை மறித்து நின்றாராம்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"எனக்கு பாஷை புரியல. பாய்தான் சொன்னாரு. 'உள்ள புத்தரு இருக்காரு, அவரு முன்னாடி யாரையும் அடிக்க வுடமாட்டேன்'னு கத்திகினு இருந்தாங்களாம்."

சோற்றில் கை வைத்தபடியே அழுதுவிட்டார்.

தறியிலிருந்து இறங்கும் அரக்குப் புடவையை அந்த அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன்.

"இப்ப வாணாம். பாய்க்கு எடம் குடுத்தாங்கன்னு தெருவே அவங்கள மொறைச்சிகினு இருக்குது. அவங்க அங்கயேதான இருந்தாவணும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

முகம் தெரியாத அம்மா, உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. உங்களால் இவர் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.