மாமாவின் ஃபோல்டருக்கு வைத்த புள்ளி

16 நவம்பர், ஞாயிறு. ருவைஸ்.

அப்பாவின் பிளான்ட்டில் வேலை பார்க்கும் முருகேசன் மாமா, லீவு நாளில் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்து எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் தன் மகளின் வீடியோக்களைப் பார்ப்பார். இன்று அவர் வருமுன் விளையாட்டாக அந்த ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸில் அப்படிச் செய்தால் ஃபோல்டர் அழியாமலே கண்ணிலிருந்து மறைந்துவிடும். எல்லோரும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள், நான் பொய்க்கு வைத்தேன்.

தேடித் தேடி மாமாவின் முகம் செத்துவிட்டது. "நான்தான் போன வாரம் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டேன் சார், மன்னிச்சுக்கங்க" என்றார் அப்பாவிடம். எனக்குச் சிரிப்பே வரவில்லை. மறைந்ததைக் காட்ட கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அமுக்கினேன், எல்லாம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ பெரிய ஆளுடா! எங்க ரூம் செல்வத்தோட டிஸ்க் கீழ விழுந்து போச்சு. செத்துப்போன அவங்கம்மா குரல் அதுலதான் இருக்கு. அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன், எடுத்துக் குடுத்துருவல்ல?"

அப்பா பெருமையாக என்னைப் பார்த்தார். நான் "சரி மாமா" என்றேன்.

இந்நேரம் ரூமில் சொல்லியிருப்பார். செல்வம் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார்.